பூஜையில் வைத்த வண்டி

"முப்பது வருஷம் முன்னாடி எங்காத்து வேலைக்காரியோட பொண்ணு இதைக் கெடுத்துட்டா" என்று சொல்லிக்கொண்டே அனந்த் அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்தான். விஜயராணியின் கையிலிருந்த சால்டரிங் அயர்ன் அந்தரத்தில் நின்றது.

பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. பெட்டிமேலேயே படம் இருந்தது. மஞ்சள் உடம்பு வைத்த பொம்மைக் கார். மூக்கில் கறுப்பு பம்பர். முதுகில் ஏழாம் நம்பர். கூடவே, இழுத்தால் நீளும் ஏரியல் வைத்த ரிமோட். அந்த வேலைக்காரியின் பெயர் பேராச்சி. அந்தப் பொண்ணு இவளேதான்.

அனந்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது. வாசலோரம் துடைப்பத்தோடு நின்ற எலிக்குஞ்சு. இன்றைக்கு தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவளுக்குச் சொந்தக் கடை. மிக்ஸியோ ஸ்பீக்கரோ ட்ரில்லிங் மெஷினோ, எது செத்தாலும் 'ராணிக்காகிட்டப் போ' என்பார்கள். யாரோ அவளைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதியதைப் படித்துவிட்டு மாட்டுங்காவிலிருந்து தேடி வந்திருக்கிறான். பில்டிங்கை இடித்துக் கட்டப் போகிறார்களாம். பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாம்.

"சித்தப்பா துபாய்லேர்ந்து கொண்டு வந்தது. முன் சக்கரம் திரும்பும், ஆனா ஓடாது. பூஜையில வெச்சிருந்ததை அந்தப் பொண்ணு தொட்டுட்டா. மோட்டாரே போயிடுத்துன்னு அப்பா சொல்வார். முடியலேன்னா நோ ப்ராப்ளம், சும்மா ஷோகேஸ்ல வெச்சுப்பேன்."

"ஓடும்" என்றாள் விஜயராணி. குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "பதினஞ்சு நாள் குடுங்க. நானே வீட்டுக்குக் கொண்டாறேன். அப்பா இருப்பாருல்லா?"

"அவர் எங்கே போவார்? பால்கனியிலதான்."

அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு விஜயதசமிக் காலை. கூடத்தைப் பெருக்குவதற்காக அந்த வண்டியை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தாள். அவ்வளவுதான் செய்தது. பத்து நிமிஷம் கழித்து அனந்த் ரிமோட்டை அமுக்கினான், வண்டி ஓடவில்லை. "பூஜையில வெச்சதை இந்தக் குட்டி தொட்டுட்டா" என்றார் அனந்தின் அப்பா பஞ்சாபகேசன் மாமா. திட்டக்கூட இல்லை, ரயில் லேட் என்று சொல்வதுபோலச் சொன்னார். அவர் அடிக்கவில்லை. அடித்தது அம்மா. அத்தனை பேருக்கும் முன்னால், அவர்கள் போதும் என்கிறவரை. அப்படியும் அந்த வீட்டு வேலை போனது. அதே பில்டிங்கில் இன்னும் மூன்று வீடுகளும் அந்த வாரமே போயின.

கடைக்கு மேலே ஏணி வைத்த அறையில்தான் பேராச்சி இருந்தாள். வண்டியைப் பார்த்ததும் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, இத எதுக்கு உள்ள ஏத்துன?"

"ரிப்பேருக்கு வந்திருக்கும்மா."

"சவத்தத் திருப்பிக் குடுத்துட்டு வா." வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நீ அன்னைக்கு அதத் தொடாம இருந்திருக்கலாம்லா. நாலு வீடுட்டி."

சுருக்கென்று தைத்தது. மாமா நம்பினார், அனந்த் நம்பினான், அவர்கள் எப்படியோ போகட்டும். பெற்றவள் முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். விஜயராணி கீழே இறங்கி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

வண்டி பார்க்கச் சகிக்கவில்லை. பேட்டரி கசிந்து, அதன் கூடெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்டுத் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்தாள். டயர்கள் அப்பளமாக நொறுங்கின. செருப்புக்கு சோல் வெட்டுகிறவரிடம் போய் நல்ல கறுப்பு ரப்பரில் நான்கு வளையம் வெட்டச் சொல்லி, பட்டன் பட்டனாகப் புடைப்பு வைத்து வாங்கி வந்தாள். கியர் சக்கரம் ஒன்றில் மூன்று பல் இல்லை. பக்கத்துச் சந்தில் பிளாஸ்டிக் மோல்டிங் போடும் ஹரியிடம் அதைக் காட்டினாள்.

"ராணிக்கா, சின்னப் புள்ள சாமானுக்கா இம்புட்டு மெனக்கெடுதிய? புதுசு ஒண்ணு ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வந்துரும்."

"நைலான்ல போட்டுத் தருவியா, குர்லாவுல வேற ஆளப் பாக்கட்டா?"

"குர்லாவா! ராணிக்கா, உங்க வாய்க்கு முன்னால நான் எந்த மூலை? தாங்க இங்க."

மோட்டாரைக் கழற்றி நேராக மின்சாரம் கொடுத்தாள். வீல் என்று அலறிக்கொண்டு சுற்றியது. கருகவும் இல்லை, துருப்பிடிக்கவும் இல்லை. மோட்டார் போயிடுத்தாம்! பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்தாள். மோட்டாருக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு சின்னச் செப்புத் தகடு உண்டு. ரிமோட்டை அமுக்கினால் ஒரு கரம் அந்தத் தகட்டின்மேல் நகரும், தொடும், வண்டி பாயும். தகட்டின்மேல் இரண்டு திருகு போட்ட மூடி. திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

செப்பின் நட்டநடுவில் ஒரு பொட்டு இருந்தது. மஞ்சளாக, கல்லாக இறுகிப்போன சந்தனம். அதன் நடுவே கறுத்துப்போன குங்குமம்.

விஜயராணி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். ஆயுத பூஜை அன்று மாமா ஸ்க்ரூ டிரைவரோடு கூடத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். சுவர்க் கடிகாரத்தின் முதுகைத் திறப்பார், தையல் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்ப்பார், ரேடியோவைப் பிரிப்பார். "ஓடறது உள்ளேன்னா இருக்கு? மேலே பொட்டு வெச்சா யாருக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே உள்ளே பொட்டு வைப்பார். கடிகாரம் தாங்கியது, தையல் மெஷின் தாங்கியது. இது தாங்கவில்லை. காய்ந்த சந்தனம் செப்பை மூடிவிட, கரம் வந்து தொட்டும் மின்சாரம் தாண்டவில்லை. ஒரு துண்டு ஒயரால் அந்த இடத்தைத் தாண்டவிட்டாள். சக்கரங்கள் காற்றில் சுழன்றன.

தூக்கிக்கொண்டு ஏணி ஏறினாள். பேராச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இத நான் பாத்து என்னட்டி ஆவப்போவுது? வச்சவரு வாயால வரணும்லா."

ஒயரை எடுத்துவிட்டு, பொட்டைத் தவிர எல்லாவற்றையும் துடைத்து, மூடியைத் திருகி, பதினைந்தாம் நாள் மாட்டுங்காவில் இரண்டு மாடி ஏறினாள் விஜயராணி.

பஞ்சாபகேசனுக்கு எண்பதை நெருங்கிவிட்டது. பால்கனி நாற்காலியிலிருந்து கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் கட்டிவைத்த மூட்டைகள்.

"இதையா ஓட்டப் போறே? மோட்டாரே கருகிப் போச்சேம்மா."

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல மாமா."

அந்த 'மாமா' அவரை நிமிர வைத்தது. "நீ யாரு?"

"பேராச்சி மக."

அனந்த் ஓரடி பின்வாங்கினான். அவன் கடையில் சொன்னது முழுக்க அவனுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். விஜயராணி அவனைக் கண்டுகொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

"இது யாரு வெச்ச பொட்டு?"

அனந்த்தான் முதலில் குனிந்தான். "அப்பா... கடிகாரத்துக்கெல்லாம் உள்ளே திறந்து வெப்பேளே..."

"ஸ்வாமிக்கு வெச்ச சந்தனம்டா. அதனால ஒண்ணும் ஆகாது."

"அப்ப நீங்களே சுரண்டிப் பாருங்க" என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.

கிழவர் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் வாங்கிச் சுரண்டினார். மஞ்சள் தூள் வேட்டியில் உதிர்ந்தது. அடியில் செப்பு பளிச்சென்றது. விஜயராணி மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டி, ரிமோட்டை அவர் கையில் வைத்தாள். அவர் அமுக்கினார்.

வண்டி பாய்ந்தது. ஒரு மூட்டையில் மோதி, சீறிக்கொண்டு பின்வாங்கி, சோபாவைச் சுற்றி வந்தது. "அர்ரே!" என்று பன்னிரண்டு வயசுப் பையன்போலக் கத்திவிட்டு, அனந்த் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"சரி" என்றார் பஞ்சாபகேசன், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு. "தெரியாம ஆயிடுத்து. அனந்த், இவளுக்கு என்ன குடுக்கணுமோ குடுத்து அனுப்பு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இப்பச் சொன்னத எங்கம்மாகிட்டச் சொல்லணும்."

"அழைச்சுண்டு வா. சொல்றேன்."

"அவ இந்தப் படி ஏற மாட்டா. நீங்கதான் வரணும்."

"நானா? தாராவிக்கா? இந்த வயசுல அவ்வளவு தூரம்..."

"எங்கம்மா தினமும் ரெண்டு தடவ நடந்த தூரம்தான் மாமா."

விஜயராணி எழுந்து வண்டியைத் தூக்கி இடுக்கிக்கொண்டாள். "வண்டி என்கிட்ட இருக்கட்டும். ரிமோட் உங்ககிட்ட இருக்கட்டும். வந்து சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

"ஹலோ, அது எங்க கார்!" என்று அனந்த் குறுக்கே வந்தான்.

"ஆமா, உங்க கார்தான். போலீஸைக் கூப்புடுங்களேன். என்னன்னு சொல்லுவிய?"

அவன் விலகினான். விடுவிடென்று படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். பூக்கடைகளில் ஒரே கூட்டம். சுவிட்சை அணைக்காமலே வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. கையிடுக்கில் இருந்த வண்டியின் முன் சக்கரங்கள் இடது பக்கம் திரும்பின. பிறகு வலது பக்கம். பால்கனியில் நின்று அமுக்கிப் பார்க்கிறார் போலிருக்கிறது. பார்க்கட்டும். இரண்டு பில்டிங் தாண்டினால் அந்த ரிமோட் எட்டாது.

இரண்டு தாண்டியது. மூன்று தாண்டியது. தெருமுனையில் சிக்னல் சிவப்பு. பேருந்தும் டாக்சியும் இரைந்துகொண்டு போயின. அவள் கையிடுக்கில், விலாவை உரசிக்கொண்டு, புது ரப்பர் போட்ட சக்கரங்கள் மெதுவாக இடது பக்கம் திரும்பின. கொஞ்சம் நின்று, வலது பக்கம் திரும்பின. அமுக்குகிற கை இப்போது பால்கனியில் இல்லை.

விஜயராணி திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு பச்சைக்கு மாறியதும் ரோட்டைக் கடந்தாள். நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.