முயல்காது முடிச்சு

"எங்க ஆட்டத்த ஒரு தடவையாவது பாத்திருக்கியா நீ?" என்று கேப்டன் என்னிடம் கேட்டார். கல்லூரிக் கால்பந்துப் போட்டிகள் தொடங்கிய முதல் வாரம் அது. அழுக்கு ஜெர்ஸி மூட்டையோடு சலவை அறை வாசலில் நின்றிருந்தார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. யாராவது நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்கு அப்படித்தான் ஆகும். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பதில் தெரியும். எழுந்தும் நின்றேன். வாய் திறக்கவில்லை. "நாக்க வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்றார். வகுப்பே சிரித்தது. மறுநாள் எனக்கு வயிற்றுவலி. அந்த வயிற்றுவலி வருடக் கடைசிவரை தீரவில்லை. பிறகு பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. அம்மாவோடு கல்லூரிச் சலவை அறைக்கு வர ஆரம்பித்தேன்.

அந்த அறை மைதானத்து கேலரிக்கு அடியில் இருக்கிறது. மேலே ஜனங்கள் உட்காரும் படிகள்தான் எங்களுக்குக் கூரை. அதனால் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் குனிந்துதான் போக வேண்டும். இரண்டு பெரிய மெஷின்கள். அதில் ஒன்று சுற்ற ஆரம்பித்தால் நடக்கவும் ஆரம்பித்துவிடும். முன்னால் செங்கல் வைத்து நிறுத்தியிருக்கிறோம். ஒரு சிமெண்ட் தொட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிக்கொடி. ஆட்ட நாளில் எங்கள் பையன்கள் கோல் போட்டால் மேலே எல்லோரும் குதிப்பார்கள், கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டும். துவைத்த துணிமேல் அம்மா முன்கூட்டியே பழைய போர்வையை விரித்துவிடுவாள். எதிராளி கோல் போட்டால் ஒன்றும் கொட்டாது. போன வருடம் போர்வையைத் தினமும் உதற வேண்டியிருந்தது. கோப்பை வந்தது. முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் இப்போதும் இருக்கிறது. அதைத் துடைக்கிற வேலையும் அம்மாவுக்குத்தான். ஜெயித்தவர்களைவிட அதிகத் தடவை கோப்பையைத் தொட்டவள் அவள்தான்.

பத்துப் படி ஏறினால் கேலரி, எதிரே மைதானம். நான் ஏறியதில்லை. மேலே அத்தனை முகம்.

ஆனால் ஆட்டம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணி கீழே என்னிடம்தானே வருகிறது. ஜெர்ஸியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித்தான் மெஷினில் போட வேண்டும், இல்லையென்றால் முதுகு எண் வெடித்துவிடும். திருப்பும்போது எல்லாம் கண்ணில் படும். போன வருடம் கால்சட்டைகளின் முட்டியெல்லாம் பச்சை; கோல் போட்டுவிட்டு மண்டியிட்டுச் சறுக்கிய புல்கறை. இந்த வருடம் முதுகில் பச்சை. ஜெயித்த அணி என்பதால் எல்லோருக்கும் இவர்களைத் தள்ளிவிட வேண்டும். காலர் கிழிந்து வந்தது, தையல் விட்டு வந்தது, ஒரு நாள் ஒரு கைப்பகுதியே தனியாக வந்தது. நான் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டு சோப்புத்தூள் பெட்டிக்குள் இருக்கும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அக்டோபரில் கோல்கீப்பரின் வலது கையுறைக்குள் சுண்டுவிரல் பக்கம் மட்டும் ரத்தம் இருந்தது. இரண்டு வாரமும் அதே இடம். அம்மாவிடம் காட்டினேன். அம்மா கோச் சாரிடம் சொன்னாள். பார்த்தால் நகம் முழுதும் பெயர்ந்து உள்ளே சீழ் வைத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம் டாக்டர். அதற்குப் பிறகு கோச் சார் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "என்னம்மா, துணி என்ன சொல்லுது?" என்று கேட்பார். அம்மாவிடம்தான் கேட்பார். ஆனால் கண் என் பக்கம் வரும். அந்த மாதங்களில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன், கூரை தாழ்ந்த பக்கத்தில்கூட.

ஜெர்ஸிக்கு எண் உண்டு, கால்சட்டைக்கு எண் உண்டு. சாக்ஸுக்குக் கிடையாது. எல்லாம் ஒரே கறுப்பு. ஜோடி தேடியே பாதி நாள் போய்விடும். கேப்டன் மட்டும் தன் சாக்ஸை முடிச்சுப் போட்டுக் கூடையில் போடுவார். இரண்டு நுனியும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், முயல்காது மாதிரி. "தேடுற வேலை மிச்சம்ல அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். பதினைந்து பேரில் அவர் ஒருவருக்குத்தான் அது தோன்றியிருந்தது.

அவர் பின்னாலேயே சுற்றுகிற ஒரு முதலாமாண்டுப் பையன் இருந்தான். இடது பக்கத் தடுப்பில் ஆடுகிறவன். கேப்டன் சட்டைக் கையை மடித்து விட்டால் இவனும் மடித்து விடுவான், அவர் முடி வெட்டினால் இவனும் வெட்டுவான். அதனால் அவன் பெயரே கார்பன் ஆகிவிட்டது. "டேய் கார்பன், கேப்டன் தும்முனா நீ ஏன்டா மூக்கத் துடைக்கிற?" என்று மற்றவர்கள் ஓட்டுவார்கள். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் கேப்டனுடையதுதான்.

அரையிறுதி வாரத்துத் திங்கட்கிழமை கேப்டன் தானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, சனிக்கிழமை துறைமுக டீம் ஆளுங்க வர்றாங்க. என்னைப் பாக்கத்தான். ஜெர்ஸிய நல்லா பளிச்சுனு குடுங்க."

"உன் காலப் பாக்க வர்றாங்களா, சட்டையப் பாக்க வர்றாங்களா?" என்றாள் அம்மா.

"ரெண்டையும் பாக்கட்டுமே." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "டீம்ல எடுத்தா அங்கயே வேலையும் குடுப்பாங்கக்கா. அப்பா லேத்துல கைய விட்டதுல இருந்து வீட்டுல எல்லாரும் என் காலத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. இது கடைசி வருஷம். இதுக்கப்புறம் என்னை யாரு தேடி வருவா?"

போகும்போது என்னிடம், "சனிக்கிழமையாவது மேல வா தங்கச்சி. படிதானே, கடிக்காது" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த மூட்டையில் முயல்காது முடிச்சு இரண்டு இருந்தது எனக்கு உறைத்தது. ஒரு ஜோடி சாதாரணமாக இருந்தது. இன்னொன்றின் இடது சாக்ஸ் உள்ளே கணுக்கால் இடத்தில் டேப்பின் பசை, திட்டுத் திட்டாக. வலி மருந்து வாசனை. பசையில் ஒட்டிய தோல் துணுக்கு. ஒரே ஆள், இரண்டு ஜோடி. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கணுக்காலில் டேப் சுற்றி, அதன்மேல் ஒரு சாக்ஸ், அது தெரியாமல் இருக்க இன்னொரு சாக்ஸ். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். முந்தின வாரமும் இரண்டு முடிச்சு. மொத்த ஜோடிகள் பதினைந்தா பதினாறா என்று எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சாக்ஸ் எந்த வாரம்தான் சரியாக வந்தது?

வியாழக்கிழமை கோச் சார் வந்தார். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார்.

"எவனுக்கோ கால் போயிடுச்சும்மா. மறைக்கிறான். பாத்ரூம்ல ஒரு கத்தை டேப் கெடந்துச்சு. யாருடான்னா எல்லாரும் கூரையப் பாக்குறானுங்க." பிறகு முதல்முறையாக நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். "பாப்பா, நீ சொல்லு. யாரு?"

என் வாய் திறந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை. தடங்கல் இல்லாமல், திணறாமல், முழுசாகச் சொன்னேன். "கேப்டன் சார். எடது கணுக்கால். ரெண்டு ஜோடி போடுறார். ரெண்டு வாரமா." முடிச்சோடு எடுத்துக் காட்டினேன், பசையைக் காட்டினேன். அவர் காலைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். கூடவே இன்னொன்றும் இருந்தது, மறைக்கக் கூடாது: கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்த சந்தோஷம்.

"அவனா," என்றார் கோச் சார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போன வருஷம் வீங்குனதும் அதே கால்தான். கேட்டா இல்லன்னுதான் சாதிப்பான், துறைமுகத்துக்காரன் வர்றான்ல. அரையிறுதிக்கு உக்கார வெச்சிடுறேன். எப்படியும் ஜெயிச்சிடுவோம். இறுதிக்கு எறக்கிக்கலாம். அன்னிக்கும் அவங்களக் கூப்பிடுறேன்."

அம்மா மட்டும், "சார், எதுக்கும் அந்தப் பையன ஒரு வார்த்த கேட்டுக்குங்க" என்றாள்.

சனிக்கிழமை மதியம் நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே நடைவழியில் குரல்கள்.

"அழுத்திப் பாருங்க சார். எங்க வேணா அழுத்துங்க."

"வலிச்சாலும் நீ மொகத்துல காட்ட மாட்ட. உன்னை எனக்குத் தெரியாதா?"

"சார், இன்னிக்கு மட்டும் சார். என் வீட்டுல..."

"காலு ஒடஞ்சா வீட்டுல என்ன பண்ணுவ?"

பிறகு கேப்டன் கேட்டார். "யாரு சார் சொன்னது?"

"துணி சொல்லுச்சு."

நான் கையிலிருந்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

ஆட்டம் தொடங்கி அரைமணி நேரம் ஆகியும் தூள் கொட்டவில்லை. மேலே காலடி ஓசைகூட இல்லை. போர்வை துடைத்தது மாதிரி கிடந்தது. எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. படி ஏறினேன். கடிக்கவில்லை. மேல் படியில், கைப்பிடிச் சுவர் ஓரமாக, யார் கண்ணிலும் படாமல் நின்றேன்.

மைதானம் நான் நினைத்ததைவிடப் பெரியது. நான் உள்பக்கமாகவே பார்த்துப் பழகிய சட்டைகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள். ஓடினார்கள், கத்தினார்கள், திட்டினார்கள். கேப்டன் பெஞ்சில், முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் கார்பன். பந்து வெளியே போகும்போதெல்லாம் அவன் குனிந்து இடது சாக்ஸை மேலே இழுத்துவிட்டான். இழுத்தது ஒரு தடவை நழுவியது. உள்ளே வெள்ளை டேப். நிற்கும்போது அந்தக் காலின் நுனி மட்டுமே தரையில் பட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும். கோச் சார் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மண்டைக்குள் அந்த முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு ஜோடி, இரண்டு பேர். கேப்டன் செய்வதையெல்லாம் செய்கிறவன் இதை மட்டும் செய்யாமல் இருப்பானா?

கோச் சார் மைதானத்தின் எதிர்ப்பக்கக் கோட்டோரம் நின்றார். ஓரமாகவே சுற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான். கேலரி முழுக்க என்னைப் பார்க்கும், அவ்வளவுதான். போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு படி இறங்கினேன். யாரோ, "ஏய், யாரும்மா அது, மறைக்காத" என்றார்கள். பக்கத்தில் இருந்த முகங்கள் எல்லாம் திரும்பின. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பி அதே சுவர் ஓரத்துக்கு வந்து நின்றேன்.

அவனை யாரும் இடிக்கக்கூட இல்லை. சும்மா உருண்டு வந்த பந்து. திரும்பினான், இடது கால் அவனோடு திரும்பவில்லை. முதலில் ஓடிப்போனது கேப்டன்தான். பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து ஓடினார். கார்பனின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தக் காலைப் பார்த்தார். சாக்ஸ் கீழே இறங்கியிருந்தது. டேப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கோச் சாரைப் பார்த்தார்.

இரண்டுக்கு சைபர். போன வருடக் கோப்பை இனி வேறு கல்லூரிக்குப் போகும். நீலச்சட்டை போட்ட துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேரும் பாதியிலேயே எழுந்து போய்விட்டதாக அம்மா சொன்னாள். பார்க்க வந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு என்ன வேலை? கேப்டனுக்குக் கால் வலி என்று கேள்விப்பட்டதாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்களாம். இனி வரவும் மாட்டார்கள்.

திங்கட்கிழமை கார்பனின் துணி ஆஸ்பத்திரிப் பையில் வந்தது. இடது சாக்ஸ் கத்தரியால் நீளமாக வெட்டப்பட்டிருந்தது. நடப்பான், ஓடுவது பற்றி இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். ஏன்டா மறைத்தாய் என்று கேட்டதற்கு, "கேப்டனோட பெரிய மேட்ச். நான்தானே சார் அவருக்கு எடதுலேருந்து பந்து குடுப்பேன்" என்றானாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு, என்னைத் திட்டாமல், மெஷின் முன்னால் நகர்ந்திருந்த செங்கல்லைக் காலால் சரிசெய்தாள். திட்டியிருக்கலாம்.

கேப்டனின் ஜெர்ஸியும் வந்திருந்தது. திருப்பினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வியர்வை இல்லை, புல் இல்லை. ஆனாலும் துவைத்தேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நடந்ததையெல்லாம் எழுதினேன். நான்தான் சொன்னேன் என்று எழுதினேன். மேலே வந்து பார்த்தேன், பார்த்த பிறகு தெரிந்தது, தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்று எழுதினேன். நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் மறுநாள் சாயங்காலம் வந்தார். கிட் பையை ஒப்படைக்க வேண்டும், கடைசி வருடப் பையன்கள் எல்லோரும் ஒப்படைப்பார்கள். அம்மா துணி உலர்த்த வெளியே போயிருந்தாள். பையை மேஜைமேல் வைத்தார். அங்கே நான் முந்தின வாரத்து இரண்டு ஜோடியையும், துவைத்துக் காய்ந்த பிறகு, அதே முடிச்சோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. நாலு காதும் நீட்டிக்கொண்டு நின்றன.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். தாள் என் உள்ளங்கை ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு ஜோடியை எடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பி, பொறுமையாக அவிழ்த்தார். இரண்டு சாக்ஸையும் தட்டி நீவி, மேஜைமேல் தனித்தனியாக, கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தார். மற்ற எல்லோருடையது மாதிரியும் ஆகிவிட்டன அவை. இன்னொரு ஜோடியை, கார்பனுடையதை, அவர் தொடவில்லை.

திரும்பிப் படி ஏறிப் போனார். மேலே காலி கேலரியில் அவர் நடப்பது கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் கூரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூள் உதிர்ந்தது. நான் போர்வையை விரித்திருக்கவில்லை. கறுப்பு சாக்ஸ்மேல் அது வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது.