மலர்விழியின் இரண்டு மீட்டர்

மலர்விழி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய புதன்கிழமை முதல் யாராலும் அவளை இரண்டு மீட்டருக்குள் நெருங்க முடியவில்லை. அவள் விலகிப் போகவில்லை. மற்றவர்கள் தயங்கவும் இல்லை. நடந்தார்கள், கால்கள் முன்னே போயின, தூரம் மட்டும் குறையவில்லை. அவள் கணவன் கமலநாதன் நில அளவையாளன். லேசர் கருவியை வைத்து ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்தான். பதினான்கு முறையும் 2.00 என்றே காட்டியது.

அவளுக்குத் தைராய்டில் புற்றுநோய். அறுவை முடிந்தபின், மிச்சமிருக்கும் செல்களை அழிக்க, கதிரியக்க அயோடின் மாத்திரையை ஈயக் குப்பியிலிருந்து தானே எடுத்து விழுங்கி, தடித்த சுவர்களுள்ள அறையில் மூன்று நாள் தனியாக இருந்தாள். வெளியே வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். உடம்பில் கதிர்வீச்சு இன்னும் இருக்கும், ஒரு வாரத்துக்கு யாரும் இரண்டு மீட்டருக்குள் வரக்கூடாது, குழந்தைகள் இரண்டு வாரத்துக்கு வரக்கூடாது என்று அதில் இருந்தது. மகள் சிந்துவுக்கு ஐந்து வயது. கமலநாதன் தாளில் உள்ளதை அப்படியே செய்பவன். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு முன்னால் மனைவி நிற்க வேண்டிய இடத்தைக் குறித்து, அதைச் சுற்றி இரண்டு மீட்டர் ஆரத்தில் டேப் ஒட்டி வைத்திருந்தான். அவன் அக்கா தங்கமணி சுங்கை பூலோவிலிருந்து ஆரத்தித் தட்டோடு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளை ஆரத்தி எடுக்காமல் வாசலுக்குள் விடுவது அவளைப் பொறுத்தவரை நடக்காத காரியம். ஆனால் தட்டை முகத்துக்கு முன்னால் சுற்ற வேண்டும், எட்ட நின்று காற்றில் சுற்றுவது சரியாகப் படவில்லை. அதனால் டேப்பின் மேல் கால் வைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர் தளும்பாமல், மலர்விழியைச் சுற்றி மூன்று முறை நடந்தாள். பிறகு கீழே போய் கார் நிறுத்துமிடத்தின் முச்சந்தியில் நீரைக் கொட்டினாள். சுற்றிய வட்டம் அப்படியே நின்றுவிட்டது. கண்திருஷ்டியெல்லாம் வட்டத்துக்கு வெளியே நின்றது. கூடவே மற்ற எல்லோரும் வெளியே நின்றார்கள்.

பதினைந்தாம் நாள் காலை சிந்து குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சோபாவில் இருந்த அம்மாவை நோக்கிக் கையை விரித்து ஓடினாள். மூச்சு வாங்கும்வரை ஓடினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானமே தங்கமணி மறுபடி வந்து சேர்ந்தாள்.

“நான்தானேடா சுத்துனேன். வலமாச் சுத்துனத இடமாச் சுத்திப் பாத்துரட்டா?”

“தாள்ல அப்படி ஒண்ணும் போடலக்கா.”

“தாளு, தாளு! நீ டேப்பு ஒட்டாம இருந்தா எனக்கு ஏன்டா இவ்ளோ பெரிய வட்டம்?”

இடமாக மூன்று முறை சுற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. தோசை சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள்.

அதற்குப் பிறகு வீடு வழக்கத்துக்கு வந்தது. கையில் பிடித்திருக்கும் பொருளும் அவளை நெருங்காது, கீழே வைத்துவிட்டால் அவள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துகொண்டார்கள். கமலநாதன் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். இரவில் அவன் கூடத்தில் படுத்தான். அவள் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கரும்பலகைக்கும் முதல் வரிசைக்கும் இரண்டரை மீட்டர் இருந்ததால் வகுப்பில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொம்யூட்டர் புறநகர் ரயிலில் அவளைச் சுற்றி ஆறு இருக்கைகள் காலியாகப் போயின. முதல் மாதம் முறைத்தவர்கள் இரண்டாம் மாதம் அடுத்த பெட்டிக்குப் போகப் பழகிக்கொண்டார்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை, சிந்து சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, “அம்மா கழுத்துல பட்டாணி இருக்கு,” என்றாள். இருந்தது. இடது பக்கம், தழும்புக்குச் சற்று மேலே.

மருத்துவமனையில் டாக்டர் அமுதவள்ளி தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். கை எட்டவில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியின் வயர் எவ்வளவு நீளம் என்று கமலநாதன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. அவனே அளந்தான். இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். டாக்டர் கருவியருகே நின்றுகொண்டார். மலர்விழி முனையைத் தானே எடுத்துத் தன் கழுத்தில் வைத்து, அவர் சொல்லச் சொல்ல நகர்த்தினாள். திரையில் ஒரு கட்டி வந்தது. உருண்டையாக, ஓரம் கலைந்து. டாக்டர் அதை அளந்துவிட்டு விளக்கைப் போட்டார்.

வழக்கமாக என்ன செய்வார்கள் என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னார். ஊசியால் குத்திப் பார்ப்பார்கள், பிறகு அறுத்து எடுப்பார்கள். ஊசிக்கும் கத்திக்கும் ஒரு கை வேண்டும். கை நெருங்காது. மிச்சமிருப்பது அயோடின் மட்டும். ஆனால் எல்லாக் கட்டியும் அயோடினைக் குடிப்பதில்லை. குடித்தால் படத்தில் புள்ளியாகத் தெரியும், பெரிய அளவு கொடுத்து உள்ளிருந்தே எரித்துவிடலாம்.

“தெரியலைன்னா டாக்டர்?” என்று மலர்விழி கேட்டாள்.

“தெரியணும்மா,” என்றார் அவர்.

படம் எடுக்கும் முன் நான்கு வாரம், அவள் தினமும் போட்டுவந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தினார்கள். அயோடின் இல்லாத உப்புக்கு மாறினார்கள். மீன், முட்டை, பால் நின்றன. அவள் முகம் உப்பியது, குரல் தடித்தது, வெயிலிலும் குளிர்ந்தது. படியேற முடியாமல் மூன்றாம் வாரம் பள்ளிக்கு விடுப்பு போட்டாள். கமலநாதன் சமைத்து வைத்துவிட்டுப் பின்வாங்கினான். அவள் விழுந்தால் அவனால் பிடிக்க முடியாது. தரையில் மெத்தைகளைப் பரப்பி வைத்தான். ஒரு நாள் சாயங்காலம் கட்டிக்கு ஒரு பெயர் வைக்கலாம் என்றாள். வேண்டாம் என்றான்.

சோதனை அயோடினை மேசையில் வைத்தார்கள், எடுத்துக் குடித்தாள். இரண்டு நாள் கழித்துப் படம். அந்த அறையில் நோயாளி தானே ஏறிப் படுப்பார். கருவியை ஓட்டுகிறவர் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். யாரும் யாரையும் நெருங்குவதில்லை. ஆறு மாதத்தில் முதல் முறையாக அவள் மற்ற எல்லோரையும் போல இருந்தாள்.

கருவியை ஓட்டியவன் யுகேந்திரன். கமலநாதன் அவனுக்குப் பின்னால் நின்றான். திரை வெறுமையாக இருந்தது. பிறகு மணல் தூவியதுபோல் புள்ளிகள் விழத் தொடங்கின. ஓரிடத்தில் திரண்டன.

“வந்துருச்சு!” என்றான் கமலநாதன்.

“அது எச்சில் சுரப்பிண்ணே. எல்லாருக்கும் வரும்.”

“கீழ?”

“அது வயிறு. அதுவும் எல்லாருக்கும் வரும். டென்ஷன் ஆவாதீங்கலா.”

பத்து நிமிடம் போயிற்று. கழுத்து வெறுமையாக இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மலர்விழி கண்ணை மூடிக் கிடந்தாள். புற்று இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிய வாயால், தெரிய வேண்டும் என்று கமலநாதன் வேண்டினான். பதினான்காம் நிமிடம் இடது பக்கம் ஒரு புள்ளி விழுந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று. பிறகு அங்கேயே, அங்கேயே.

யுகேந்திரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். “இதுதாண்ணே. இது எல்லாருக்கும் வராது.”

கமலநாதன் சிரித்தான். மனைவியின் கழுத்தில் புற்றுநோயைப் பார்த்து ஒருவன் சத்தமாகச் சிரித்தது அந்தப் பிரிவில் அதுவே முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய மாத்திரையை அந்த மாதமே விழுங்கினாள். இந்த முறை தங்கமணியை யாரும் ஆரத்தி எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளாகவே வாழைப்பழம் மட்டும் வாங்கி வந்தாள். பட்டாணி சிறுத்தது. அடுத்த ஆண்டுப் படத்தில் எச்சில் சுரப்பியும் வயிறும் இருந்தன, கழுத்து வெறுமையாக இருந்தது. டாக்டர் அமுதவள்ளி கைகுலுக்கக் கையை நீட்டி, நினைவு வந்து, கும்பிட்டார். வட்டம் போகவில்லை. கமலநாதன் அளப்பதை நிறுத்திவிட்டான். கல்யாண மண்டபங்களில் அவர்கள் வருவதைப் பார்த்ததும் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டார்கள்.

சிந்து பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போன காலை, மலர்விழி அவளுக்கு எதிரே, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, தன் கூந்தலை அவிழ்த்து மூன்றாகப் பிரித்தாள். சிந்துவும் தன் கூந்தலைப் பிரித்தாள். அம்மாவின் கை போன பக்கம் அவள் கையும் போயிற்று. எதிரெதிரே இருந்ததால் இடம் வலமாக மாறிப் பின்னல் விழுந்தது. முடிந்ததும் மலர்விழி அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, பின்னலைப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. “நல்லாருக்கு, போ, பஸ் வந்துரும்,” என்றாள்.