சில்லறை இல்லை மாமி

ஐ.என்.ஏ. மார்க்கெட் வாசுதேவன் கடையில் ருக்மிணி பதினெட்டு வருஷமாகச் சாமான் வாங்குகிறாள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவாள். மிச்சம் வருகிற சில்லறையில் ஐம்பதோ நூறோ கடுகு டப்பாவுக்கடியில் போய்விடும். சிறுவாடு! பென்ஷனைப் பைசா பைசாவாகப் பிரித்து வைக்கிற ராஜாராமனுக்குத் தெரியாத ஒரே காசு அதுதான். திருச்சியில் தனியாக இருக்கும் தங்கை லதாவின் சர்க்கரை மாத்திரைக்கு, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். "உன் தங்கைக்கு நான் எதுக்கு அழணும்?" என்று புருஷன் ஒரு தடவை சொன்னது போதாதா? மறுபடி அவரிடம் கையேந்த அவளுக்கென்ன தலையெழுத்தா?

ஸ்கேன் பண்ணுகிற சமாசாரமே அவளுக்கு ஆகாது. "கையில காசு இருக்கச்சே போனை எதுக்கு நீட்டணும்?" என்பாள். ஆனால் ஆடி பிறந்ததிலிருந்து வாசுதேவன் கையை விரித்தான்.

"சில்லறை இல்லை மாமி. ஸ்கேன் பண்ணிடுங்கோ."

எப்போது போனாலும் இதே பாட்டு. கடைசியில் ராஜாராமனே உட்கார்ந்து, தன் பாங்க் கணக்கை அவள் போனில் இணைத்து, சலிக்காமல் நாலு தடவை சொல்லிக் கொடுத்தார். இந்த மனுஷனுக்கா இவ்வளவு பாசம் என்று அவள் உருகித்தான் போனாள். கடுகு டப்பாவுக்கடியில் இரண்டு மாசமாக ஒன்றும் சேரவில்லை.

இன்று கடையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் ஐந்நூறு நோட்டை நீட்டினாள். வாசுதேவன் கல்லாவைத் திறந்தான். உள்ளே பத்தும் இருபதும் கட்டுக் கட்டாக இருந்தன.

ருக்மிணிக்குப் பகீரென்றது. "ஏண்டா வாசு, எனக்கு மட்டும்தான் சில்லறை இல்லையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "மாமாதான்... மாமி கையில காசு குடுக்காதே, எல்லாம் போன்லயே வரட்டும்னார். என்னை மாட்டி விட்டுடாதீங்கோ."

அடப்பாவிகளா! இரண்டு பேரும் கூடிப் பேசியா வைத்திருக்கிறார்கள்?

வீட்டில் ராஜாராமன் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "என்ன, வெறுங்கையோட வரே? பாங்க்லேருந்து மெசேஜே வரலையேன்னு பார்த்தேன்."

"வாசு எல்லாம் சொல்லிட்டான்."

அவர் அசரவில்லை. "நல்லதுக்குத்தானேடி பண்ணினேன். எங்கேயோ கசியறது, எங்கேன்னுதான் தெரியலை."

கசிகிறதாம்! அவர் கருமி என்பது அவளுக்குப் புதுசா என்ன? பாசம் என்று நம்பி உருகினாளே, அதுதான் தாங்கவில்லை.

"எங்கேன்னு தெரியணுமா?" லதாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் முன்னால் வைத்தாள்.

"அக்கா, ஊருக்கு யாராவது வராளா?" என்றாள் லதா. "மாத்திரை போன வாரமே தீந்துடுத்து. உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் சொல்லலை."

ருக்மிணி போனை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

ராஜாராமன் போனைத் தொடவில்லை.