இறால் கோதுக் கரைசல்

“இது என்ர இறாலின்ர கோதுதானே? நாயாற்றில நான் பிடிச்சது. பிறகென்ன?”

“கோது உங்கடதான் அண்ணா. ஆனா இது மருந்தில்லை.”

“போன மாசம் மருந்தாகும் எண்டு சொன்னனி.”

“ஒரு நாளைக்கு ஆகலாம் எண்டனான்.”

வின்சன் அண்ணா கதிரையில் உட்காரவில்லை. கிளிநொச்சி வளாகத்து ஆய்வுகூட மேசையில் அந்தச் சின்னப் போத்தல் இருந்தது. அவர் தந்த கோதுகளிலிருந்து, உரித்தெறியும் இறால் ஓடுகளிலிருந்து, நான் எடுத்த கரைசல்.

அவருடைய மகள் இந்தக் கிழமை, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். சுவாசப்பையின் ஈரத்தின் மேல் சவர்க்காரம் போல ஒரு மெல்லிய படலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். இங்குள்ள ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் படலத்துக்கான மருந்தை இரண்டு தரம் விட்டார்கள். சுவாசப்பைக்குள் கசிந்த இரத்தநீர் முந்திக்கொண்டு மேற்பரப்பை நிறைத்துவிட்டது. மருந்துக்கு அங்கே இடமில்லை.

போன மாதம் அண்ணாவுக்கு நான் காட்டியதும் இதைத்தான். ஆழமில்லாத தட்டில் தண்ணீர், அதில் அந்த மருந்து, அதைக் கெடுக்க இரத்தநீர். பிறகு கோதுக் கரைசலில் ஒரு சொட்டு. கோதின் நீண்ட இழைகளில் நேர் மின்னேற்றம், மருந்தில் எதிர் மின்னேற்றம்; ஒன்றையொன்று இழுக்கும். இழை மருந்தைப் பிடித்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்தது. “செத்தும் வேலை செய்யுது இறால். யாக்கோப்புச் சித்தப்பா உயிரோட இருந்தும் செய்யிறாரில்லை” என்று அன்றைக்குச் சிரித்தார்.

“தட்டில சரிவந்ததை என்ர கண்ணால பாத்தனான், ரூபினி.”

“தட்டுக்கு உயிரில்லை அண்ணா. அளவு பிழைச்சா இழையும் மருந்தும் கட்டியாகி அடியில போயிடும். மேல ஒண்டும் மிஞ்சாது. பிள்ளைக்கு எவ்வளவு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் போத்தலை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“டொக்டர் என்ன சொன்னவர்?”

“பின்னேரம் தாண்டாதாம்.”

வெளியே அவருடைய மோட்டார் சைக்கிளில் ஒரு பை தொங்கியது. புதுக் கோதுகள். போத்தலில் இருப்பது போதாமல் போனால் என்று கொண்டுவந்திருக்கிறார். ஈக்கள் மொய்த்தன.

“என்ர மனுசி பிறின்சி, பாதரைக் கூப்பிடச் சொன்னவள். அவர் முல்லைத்தீவிலயிருந்து வந்து சேருறதுக்குள்ள...”

கைகளைச் சாரத்தில் துடைத்தார். அவை ஈரமாக இல்லை.

“அவசரத்துக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம்தானே? என்னால ஏலாது. நீ வந்து பிள்ளையின்ர தலையில தண்ணி ஊத்துவியா?”