மெசினிலை பிழையில்லை

பீலிக்ஸின் நிலவறையில் அந்த மெசின் முதன்முறையாகத் தானே ஓடிய வெள்ளிக்கிழமை, அவரும் சில்வெஸ்டரும் சின்னப் பிள்ளைகளைப் போலச் சிரித்தார்கள். பழைய காரொன்றின் கண்ணாடி துடைக்கும் மோட்டர், சில்வெஸ்டர் வேலைத்தலத்துக் கழிவிலிருந்து பொறுக்கி வந்த அலுமினியத் தட்டு, எங்கோ கழற்றிய ரப்பர் பட்டி. அவ்வளவுதான். சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளை மேலே குவியலாகக் கொட்டினால், தட்டு சுழன்று ஒவ்வொன்றாய் எடுத்து, வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, அழுத்தும் பொறிக்குள் இறக்கியது. தலைகீழாய் வந்த ஒரு கோதைக் கண்டதும் தானே நின்றது. அது நின்றதற்குத்தான் அவர்கள் சிரித்தார்கள்.

"பார் தம்பி, எங்களைவிடக் கவனமாயிருக்குது," என்றார் பீலிக்ஸ்.

பீலிக்ஸ் மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்து, பான் நகரில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் அழைத்துப் போக, ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்தார். துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் காசு கட்டித் துவக்குச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறான் என்று தமிழ்ச் சனம் வாய்க்கு வந்தபடி கதைத்தது. "இங்கை துவக்கு கடதாசியைத்தான் சுடும்," என்பார் அவர். மனைவி இறந்த பிறகு சங்கமும் நிலவறையும்தான் அவருக்கு வீடு. சுட்ட கோதுகளுக்குத் தானே வெடிமருந்து நிரப்பி, முனையில் புதுச் சன்னக் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவார். அதற்குப் பயிற்சி எடுத்து, அரச அனுமதியும் வைத்திருந்தார்.

சில்வெஸ்டர் பொதி கட்டும் இயந்திரங்கள் செய்யும் ஆலையில் மெக்கானிக். துவக்கில் அவனுக்கு ஆசையில்லை. ஒரு நாளும் சுட்டதில்லை. ஒரு முறை தண்ணீர்க் குழாய் திருத்த அந்த வீட்டுக்குப் போனவன், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பீலிக்ஸ் கைப்பிடியை இழுத்து இழுத்து விடுவதைக் கண்டு நின்றுவிட்டான். "அண்ணை, இதை மோட்டர் செய்யுமே." அன்றைக்குத் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன. மருந்து நிரப்புவது மட்டும் பீலிக்ஸின் கைவேலை. அனுமதி அவருடையது என்பதால் அந்த நேரம் சில்வெஸ்டர் மேலே போய்த் தேத்தண்ணி போடுவான்.

அவன் மனைவி பிளோறன்ஸுக்கு இது பிடிக்கவில்லை. அவளுடைய தமையன் சண்டைக் காலத்தில் சூடு பட்டுச் செத்தவன்.

"அந்தக் கோதுகள் கிலுங்குற சத்தம் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எனக்கு அதிலை பித்தளை மட்டும்தான் தெரியுது," என்றான்.

மாசி மாதம் ஒரு மாலை, தேத்தண்ணியோடு கொஞ்சம் முந்தி இறங்கிவிட்டான். மேசையெல்லாம் கறுப்பு மணிகளாய் வெடிமருந்து சிந்தியிருந்தது. பீலிக்ஸ் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிடித்த கைக்குள்ளும் அது நடுங்கியது.

"குளிர்," என்றார். பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னார்: "மருந்தையும் மெசினே அளந்து போட்டால் நல்லது தம்பி. உன்னாலை ஏலும்."

சில்வெஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் நாளே அவர் ஏன் அவ்வளவு சுறுக்காய்ச் சம்மதித்தார், தாராளமாகச் சாமான் வாங்கினார் என்பதெல்லாம் விளங்கியது. தான் விளையாட்டாய்க் கட்டியதை அவர் தம்முடைய நடுங்கும் கைக்குப் பதிலாக எடுத்திருக்கிறார்.

"டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

"காட்டினனான். பார்க்கின்சனாம். சங்கத்திலை தெரிஞ்சால் துவக்கைப் பறிச்சுப் போடுவாங்கள். லிசாவுக்கும் சொல்லேல்லை." லிசா அவருடைய ஒரே மகள்; மியூனிக்கில் வேலை.

"அண்ணை, மருந்துப் பக்கம் நான் வரமாட்டன். நீங்களும் விடுங்கோ."

"நீ மெசினைப் பார். மற்றதை நான் பாக்கிறன்."

அங்கேயே அவன் விடாப்பிடியாய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று நினைத்துக் கொண்டான். அடுத்த வெள்ளியும் போனான்.

பங்குனியில் மெசின் செய்த தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கும் நாள் வந்தது. சில்வெஸ்டரும் விருந்தாளியாகச் சங்கத்துக்குப் போனான். சுடும் கூடத்தில் பீலிக்ஸுக்குப் பக்கத்துத் தடத்தில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு பெண், பேக்கரியில் தொழில் பழகுகிறவள், காதுக்கவசத்தைச் சரிசெய்து கொண்டு நின்றாள். பீலிக்ஸ் பிஸ்டலை மேசையிலிருந்து எடுத்தார். அது பாதி உயருமுன்னே வெடித்தது. சன்னம் முன்னால் கொங்கிரீட் தரையைப் பிளந்துகொண்டு போனது. தெறித்த சல்லி அந்தப் பெண்ணின் புறங்கையைக் கீறி இரத்தம் வந்தது. சின்னக் காயம்தான். ஆனால் அவள் அழாமல், சத்தம் போடாமல், தன் கையையே பார்த்துக் கொண்டு நின்றாள்.

கூடத்துக்குப் பொறுப்பான தாடிக்காரர் ஓடி வந்து எல்லோரையும் நிறுத்தினார். என்ன நடந்தது என்று கேட்டார். பீலிக்ஸ் நிமிர்ந்து நின்று நல்ல ஜெர்மனில் சொன்னார்: "தோட்டாவில் பிழை. இந்த நண்பர் செய்த இயந்திரம் சரியாக அழுத்தவில்லை. தானாக வெடித்துவிட்டது."

தாடிக்காரர் சில்வெஸ்டர் பக்கம் திரும்பினார். "அப்படி நடக்கக்கூடியதா?"

ஓம் என்று ஒரு சொல் போதும். மெசினை ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள், அதோடு முடிந்துவிடும். பீலிக்ஸ் அவனைப் பார்த்த பார்வையில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. ஆனால் விசையில் கிடந்த விரல் துடித்ததை சில்வெஸ்டர் கண்டிருந்தான். ஒவ்வொரு தோட்டாவையும் மெசின் எப்படி அழுத்தியது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"இல்லை," என்றான். "மெசினில் பிழையில்லை. அவருக்குக் கை நடுங்குகிறது."

பீலிக்ஸ் பிஸ்டலை மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கை நடுங்கவே இல்லை.

அந்தக் கோடைக்குள் அவருடைய துவக்குகள் போயின. வெடிமருந்து அனுமதியும் போயிற்று. சட்டப்படி நடந்ததுதான், யாரையும் குறை சொல்ல ஏலாது. கோவிலில் மாதத் தமிழ்ப் பூசையில், பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம் சில்வெஸ்டர் கை நீட்டினால், பீலிக்ஸ் மறுபக்கத்து ஆளுக்குக் கை கொடுப்பார். வீட்டு மணி அடித்தால் கதவு திறக்காது. சனம் இப்போது சில்வெஸ்டரைப் பற்றிக் கதைத்தது. சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவரையே வெள்ளைக்காரனிடம் காட்டிக் கொடுத்தவன் என்றார்கள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றது என்று பிளோறன்ஸுக்கு மட்டும் சொன்னான்.

"நீங்கள் செய்தது சரிதானே," என்றாள் அவள்.

"சரிதான்," என்றான். ஆனாலும் அவனுக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த வருடம் நோய் முற்றி, பீலிக்ஸை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டாள் லிசா. சில்வெஸ்டர் சனிக்கிழமைகளில் போனான். பீலிக்ஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கொள்வார். இவன் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்துவிட்டு, கொண்டு போன சூப்பை மேசையில் வைத்துவிட்டு வருவான். ஒரு சனிக்கிழமை கரண்டியை அவர் வாயருகே கொண்டு போனான். அவர் வாயைத் திறந்தார். பாதிக் கோப்பை முடிந்ததும் சொன்னார்:

"அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"அந்தப் பெட்டைக்காக அண்ணை. கையிலை இரத்தம் வந்தது."

பீலிக்ஸின் வாயோரம் மெல்ல அசைந்தது.

"பொய் சொல்லாதை. மெசினிலை பிழை எண்டு சொல்ல உனக்கு வாய் வரேல்லை." மூச்சு வாங்கினார். "உன்ரை இடத்திலை நிண்டிருந்தால் எனக்கும் வந்திராது. நல்லாச் செய்திருந்தனீ."

சில்வெஸ்டர் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தான். "சூப் ஆறப்போகுது அண்ணை," என்று மட்டும் சொன்னான். அவர் மீதியையும் குடித்தார்.

அதுதான் கடைசிப் பேச்சு. அந்தக் கிழமைக்குள்ளேயே சளி நெஞ்சில் இறங்கி அவர் போய்விட்டார். அடக்கத்துக்குச் சங்கத்துக்காரர் பச்சைச் சீருடையோடும் கொடியோடும் வந்தார்கள். தமிழில் பூசை நடக்க, விளங்காவிட்டாலும் கடைசிவரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பேக்கரிப் பெண்ணும் வந்திருந்தாள். அவள் வந்து கை கொடுத்தபோது, சில்வெஸ்டர் தலை குனிந்து கொண்டான்.

வீடு விற்கப்பட இருந்தது. மெசினை எடுத்துக் கொள்ளச் சொன்னாள் லிசா. அவன் நிலவறைக்குப் போய் அதை ஆணி ஆணியாய்க் கழற்றினான். மோட்டரைத் தனியாக, தட்டைத் தனியாகப் பெட்டிகளில் போட்டு, பழைய இரும்பு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தான்.

"முழுசா வைச்சிருந்திருக்கலாமே," என்றாள் பிளோறன்ஸ். அவள் அப்படிச் சொல்வாளென்று அவன் நினைக்கவில்லை.

"ஆருக்கு?" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்தவன் சட்டையை மாற்றி, சப்பாத்தும் போட்டு முடித்த பிறகுதான் போக இடமில்லை என்பதை உணர்ந்தான். நடைக்கூடத்து விளக்கைக்கூட அணைக்காமல் அங்கேயே நின்றான். அறைக்குள்ளிருந்து வந்த பிளோறன்ஸ் அவனைப் பார்த்தாள். தன் மேலங்கியை எடுத்துப் போட்டுக் கொண்டாள்.

"வாங்கோ," என்றாள். "ஆத்துப் பக்கம் கொஞ்சம் நடந்திட்டு வருவம்."