எழுநூற்றைம்பது வாட்

மூன்றாவது முறையும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாவதற்கும் ஒரு முறை வேண்டாமா? எச்சரிக்கை இல்லை, முனகல் இல்லை. கழுத்தைத் திருகினாற்போல் போய்விட்டது.

வரைபடத்தை வைத்துக்கொண்டு, இன்னும் எழும்பாத வீட்டுக்குள் ஒருவர் நடந்துபோவது மாதிரி வீடியோ செய்வது அவள் வேலை. வேலை என்று இன்னும் சொல்ல முடியாது. ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம் சோதித்துப் பார்க்கக் கொடுத்தது. சாயங்காலத்துக்குள் அனுப்பி, பிடித்துப்போனால் நிரந்தர வேலை. அனுப்பாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள். அந்த அலுவலகத்து மேலாளர் அம்மாள் சுற்றி வளைக்கிறவர் இல்லை. "சாக்கு கேக்க எனக்கு நேரமில்லம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சும்மா இருக்கும்போது மெஷின் சமர்த்தாகத்தான் இருந்தது. வீடியோவை முழுசாக உருவாக்கச் சொல்லி, படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு மூச்சைப் பிடித்து இறங்கியதும் செத்தது. ஸ்விட்ச் போர்டை மாற்றிப் பார்த்தாள். சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள்.

"பொட்டிக்குக் காத்து வேணுமாம். இங்க பெத்தவ வெந்து சாகறா" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். கார்டில் மின்சாரம் வாங்கும் வாய் இரண்டு. இரண்டுக்கும் தனித்தனி வயர் வரவேண்டும் என்று, பாகங்களைச் சேர்த்து மெஷினைப் பூட்டித் தந்த அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். உள்ளே ஒரே வயர்தான் வந்தது, நுனியில் இரண்டாகப் பிரிந்து. பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை வெளியே இழுத்து, லேபிளைப் பார்த்தாள்.

நானூற்றைம்பது வாட்.

கார்டுக்கு முந்நூற்றிருபது, பிராசஸருக்கு நூற்றைம்பது, மீதிச் சில்லறைக்கு ஐம்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவள் அவள். கார்டு கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துள்ளு துள்ளி இன்னும் கேட்கும், அதற்கும் இடம் விட வேண்டும் என்று எழுநூற்றைம்பது வாட்டாகப் பார்த்து வாங்கியவளும் அவள்தான். அண்ணன் கம்ப்யூட்டர் கடையில் மெஷின் பூட்டுகிறவன். வீட்டிலேயே ஆள் இருக்க வெளியே எதற்கு என்று எல்லாவற்றையும் அவன் கையில் கொடுத்தாள். பூட்டி, மூடி, துடைத்துக் கொண்டுவந்து வைத்தான். புதுச் சப்ளையின் காலி அட்டைப்பெட்டியையும் மறக்காமல் கொண்டுவந்தான்.

போன் போட்டாள்.

"என்ன டிகிரி, வேலை நேரத்துல?" என்றான். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவள் வாங்கியது. அதனால் வந்த பெயர்.

"என் பவர் சப்ளை எங்க?"

"உள்ளதான் இருக்கும். அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு?"

"உள்ள இருக்கறது நானூத்தம்பது. என் எழுநூத்தம்பது எங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"தாங்கும்னுதான் போட்டேன்."

"தாங்கலையே."

"நீ என்ன ராக்கெட்டா விடறே? வீடு வாசல்னு படம் காட்டறே. அதுக்கு இது போதும்னு நெனச்சேன்."

"எங்கன்னு கேட்டேன்."

"மச்சானுக்குப் போட்டேன்."

மச்சான் என்றால் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் அண்ணன். கல்யாணப் பேச்சு முடிகிற நேரத்தில் கடைக்கு வந்து, இருப்பதிலேயே நல்லதாக ஒரு மெஷின் பூட்டித் தரச் சொல்லியிருக்கிறார். கடையில் நல்ல சப்ளை கைவசம் இல்லை. தங்கச்சியுடையது மேசைமேல் இருந்தது.

"புது ஸ்டாக் வந்ததும் மாத்திடலாம்னு இருந்தேன்டி."

"வெளி ஆளு பொருள்ல இப்படிக் கை வைப்பியா?"

"அவன் சட்டையப் புடிப்பான். நீ நம்ம வீட்டுப் பொண்ணுதானே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மகள் இவ்வளவு கத்தியும் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததிலேயே விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

"உனக்கும் தெரியுமா?"

"சொன்னா நீ குதிப்பேன்னான். ஒரு டப்பாவுக்காக அவன் கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டுடாதடி."

கார்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நானூற்றைம்பதிலும் ஓட்டலாம். அப்படி ஓட்டினால் வீடியோ நாளைக்குத்தான் முடியும். நாளைக்கு அந்த நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். அம்மாவின் போனை எடுத்து, மச்சானின் எண்ணைத் தேடிப் பிடித்தாள்.

"அடடே, நீங்களா! நானே கூப்பிடணும்னு இருந்தேங்க" என்றார் அவர். "'எனக்கு எதுக்குண்ணா இவ்ளோ பெருசு, வரப்போற சொந்தத்துக்குப் போடு'ன்னு நீங்களே ஆசையா குடுத்தீங்களாமே. உங்கண்ணன் சொன்னார். என் தங்கச்சி எனக்கு ஒரு ரப்பர் குடுத்ததில்லீங்க, மனசே நெறஞ்சு போச்சு."

எடுத்ததைக்கூட ஜீரணித்துவிடலாம் போலிருந்தது. அவள் வாயால் அவள் சொல்லாத ஒன்றைச் சொல்லவைத்து, அதற்கு நன்றியும் வாங்கி வைத்திருக்கிறான். 'பரவால்லீங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாருக்கும் எல்லாம் நன்றாக இருக்கும். அவளைத் தவிர.

"நான் குடுக்கல. என்னைக் கேக்காம எடுத்தது. எனக்கு இன்னிக்கு வேலை இருக்கு, இப்பவே வேணும்."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"வாங்க. எடுத்துக்கங்க" என்றார் மச்சான். குரலில் ஈரம் போயிருந்தது.

நானூற்றைம்பதையும் அதன் வயர்களையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அவர் அறையில் மெஷின் நாலு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தவளுக்குச் சிரிப்பதா முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கார்டு. அதற்கு மின்சார வயரே கிடையாது. மதர்போர்டிலிருந்து உறிஞ்சுவதே அதற்குத் தாராளம்.

"இதுக்கு நானூத்தம்பதுலயே பாதி சும்மா கெடக்கும்" என்றாள்.

"அப்ப எதுக்குங்க எனக்கு அவ்ளோ பெருசு?"

"மரியாதைக்கு."

அவர் டார்ச் பிடித்தார். அவள் சப்ளையோடு அதன் வயர்களையும் ஒன்று விடாமல் உருவினாள். ஒரு சப்ளையின் வயரை இன்னொரு சப்ளையில் செருகினால் மெஷினே கருகிவிடும் என்பது மச்சானுக்குத் தெரியாது, பூட்டியவனுக்குத் தெரியும், வயரையும் சேர்த்தே தூக்கியிருந்தான். நானூற்றைம்பதை மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்தாள்.

"உங்கண்ணன் எங்கிட்ட எதுக்குங்க பொய் சொல்லணும்?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க."

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கடையிலிருந்து வந்திருந்தான். "என் மானத்த வாங்கிட்ட இல்ல?" என்றான். அவள் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்ததும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினான். "குடு, நான் மாட்டறேன்."

"தொடாத."

கை அப்படியே நின்றது. அவள் மாட்டினாள். கார்டின் இரண்டு வாய்க்கும் இரண்டு வயர், தனித்தனியாக. பட்டனை அழுத்தி, வீடியோவை மறுபடி உருவாக்கச் சொன்னாள். காற்றாடிகள் உறுமின. திரை அணையவில்லை. எழும்பாத வீட்டின் கதவு திறந்தது, கூடம் வந்தது, ஜன்னல் வழியே வெயில் வந்து தரையில் விழுந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு வீடியோ போய்ச் சேர்ந்தது.

மேலாளர் அம்மாளிடமிருந்து செய்தி வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

அங்கே அம்மாவும் அண்ணனும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு வீட்டுல கேட்டா என்னம்மா சொல்றது?"

"அவதான் குடுக்கறேன்னு சொல்லிட்டு அப்புறம் மனசு மாறிட்டான்னு சொல்லு. படிச்ச திமிரு, கொஞ்சம் அப்படித்தான், நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்லு."

"நம்புவாங்களா?"

"பொம்பளப் புள்ளையப் பத்தி சொன்னா ஏன் நம்பமாட்டாங்க?"

வேலை என்ன ஆயிற்று என்று இரண்டு பேரும் நிமிர்ந்து கேட்கவில்லை. அவள் வந்து நின்றதையே பார்க்கவில்லை. திரும்பி நடந்து, அறைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். செய்தியை இன்னொரு தரம் படித்தாள். 'நன்றாக வந்திருக்கிறது. திங்கட்கிழமை சேர்ந்துகொள். வேலை நேரம் முன்பின் ஆகும், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்.'

'கேட்க வேண்டியதில்லை. வருகிறேன்' என்று அடித்து அனுப்பினாள்.