வேறொருத்தியின் குரல்

ஜூன் மாதத்து ஞாயிறு, இரவு எட்டரை மணி. ஆர்ப்ரோத் என்ற கடலோர ஊரின் பௌலிங் கிளப்பில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டும், பத்து மணிவரை மறையாத வடக்குக் கோடை வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. சாசேஜ் ரோல் தட்டுகளோடு நாற்பது பேர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தவர் அர்ச்சி. மீன் புகைபோடும் கொட்டகையில் வேலை செய்பவர். இன்று கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் மகள் ஷோனா. வசனம் பேசி அவள் நடித்த முதல் தொடர் இது.

"இதுக்கு முன்னாடி ஒண்ணுல பிணமா வந்தா," என்றார் அர்ச்சி. "அசையவே இல்ல."

"அதுக்கு உன்னையே கூப்பிட்டிருக்கலாம்," என்றார் பின்வரிசை எக். "ஞாயித்துக்கிழமை பூரா நீ அப்படித்தானே கிடக்குற."

எல்லோரும் சிரித்தார்கள். ஷோனாவும் சிரித்தாள்.

அவள் பேசும் காட்சி துறைமுகத்தில் எடுத்தது. அன்று அடித்த காற்றில் பேச்சு ஒன்றும் பதிவாகவில்லை. ஸ்டுடியோவுக்கு வந்து வசனத்தை மறுபடி பேசச் சொல்லி, மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்தார்கள். அதே செவ்வாய்க்கிழமை லண்டனில் ஒரு நாடகத்துக்கு நடிகர் தேர்வு. அவளால் வர முடியாவிட்டால் வேறு பெண்ணைப் பேசவைக்கிறோம், சம்மதம் என்று கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார்கள். யோசிக்கக்கூட இல்லை, போட்டுவிட்டாள். நாடகம் கிடைக்கவில்லை. அப்பாவிடம் சொல்ல மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு முறை தொலைபேசியிலும் அவர் முந்திக்கொண்டு, இன்று யாரையெல்லாம் அழைத்தேன் என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வசனத்தை அவளோடு தொலைபேசியில் ஒத்திகை பார்த்ததும் அவர்தான். போலீஸ்காரர் பகுதியை அவர் வாசிப்பார்.

திரையில் அவள் முகம் வந்தது. கூடம் அடங்கியது. போலீஸ்காரர் ஈரமான காலணி ஒன்றை நீட்டினார்.

"இது என் அப்பாவுடையது இல்லை," என்றது குரல். மென்மையான, படித்த எடின்பரோக் குரல். "அவர் வீட்டில் இருக்கிறார். தூங்கிக்கொண்டிருக்கிறார்."

யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள், கொஞ்சம் தாமதமாக.

"அது நம்ம ஷோனா குரல் மாதிரி இல்லையே," என்றாள் இஷ்பெல். கொட்டகையில் அர்ச்சியோடு வேலை செய்பவள்.

"டிவியில அப்படித்தான் கேக்கும்," என்றார் அர்ச்சி உடனே. "மைக்கு அப்படி." அவர் காது சிவந்திருந்தது. மகள் பக்கம் திரும்பவில்லை. அது அவள் குரல் இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. இந்த ஊரிலேயே அந்த வசனத்தை அவள் வாயால் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"அப்போ அவளையே சொல்லச் சொல்லுப்பா," என்றார் எக். "பொண்ணு இங்கதானே இருக்கா."

அர்ச்சி ரிமோட்டை எடுத்தார். காட்சியைப் பின்னுக்கு ஓட்டினார். ஒலியை அணைத்தார்.

"சொல்லும்மா," என்றார் மெதுவாக. "நான் போலீஸ்காரன்."

ஷோனா எழுந்து நின்றாள். நாற்பது முகங்களும் அவள் பக்கம் திரும்பின. "இது யாரோடது?" என்று அர்ச்சி கேட்டார், மனப்பாடமாக. தான் அதை எப்படிச் சொன்னோம் என்பது வரவில்லை; அந்த எடின்பரோப் பெண் எந்த இடத்தில் மூச்சு விட்டாள் என்பதுதான் நினைவுக்கு வந்தது. திரையில் காற்று அவள் தலைமயிரை வாய்க்குள் அடித்தது. திரையிலிருந்த அந்த வாய் சத்தமில்லாமல் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.